வலது குதிகால்

பன்னிரண்டாவது காகிதக் கோப்பையும் நசுங்கியது.

"சார்..." என்று இழுத்தாள் டீச்சர். அவளுக்குக் கோபமில்லை. கோபப்பட்டுப் பயனில்லை என்று எட்டாவது கோப்பையிலேயே முடிவுக்கு வந்துவிட்டாள். குனிந்து, மாணவரின் வலது குதிகாலுக்கு அடியில் சப்பையாகிப்போய்க் கிடந்ததை உருவி ஓரத்தில் போட்டாள். மாணவருக்கு வயது அறுபத்தொன்று. டீச்சருக்கு முப்பதுகூட இருக்காது.

பின்னால் இருந்த பெஞ்சில் மாணவரின் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஊன்றுகோல் மடியில் குறுக்காகக் கிடந்தது. கோல்ஃப் என்றால் என்ன, அதை எதற்காக வளர்ந்த மனிதர்கள் விளையாடுகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கோப்பைகள் ஏன் நசுங்குகின்றன என்பது அந்த இடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அது பந்தடித்துப் பழகுகிற இடம். பாதிக் கூரை போட்ட நீளமான கொட்டகை, அதில் வரிசையாகப் பச்சைப் பாய்கள், ஒவ்வொரு பாய்க்கும் பக்கத்தில் கம்பிக் கூடை நிறைய மஞ்சள் பந்துகள். எதிரே பெரிய வெளி. அதன் கடைசியில் மூன்று மாடி உயரத்துக்கு வலை. வலைக்கு அந்தப் பக்கம் பஸ் போகிற சாலை. தம்பி பஸ் ஓட்டிய காலத்தில் தினமும் அந்தச் சாலையில்தான் போவான். வலையில் பந்து வந்து மோதும்போதெல்லாம், "பாரு, குனிஞ்சு ஒரு பந்தை வைக்கிறாங்க, அடிச்சுத் தொலைக்கிறாங்க, மறுபடி குனியிறாங்க. இதுக்கு வீட்டைப் பெருக்கலாம்" என்று கண்டக்டரிடம் நக்கலடிப்பான். அந்த நக்கலை டிப்போவில் யாரும் மறக்கவில்லை. போன வருஷம் அவன் ஓய்வு பெற்றபோது எல்லாரும் சேர்ந்து இங்கே பத்து வகுப்புகளுக்கான சீட்டை வாங்கி, மாலையோடு சேர்த்துக் கையில் திணித்துவிட்டார்கள். முதுகு பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போனபோது, "உடம்பைத் திருப்பி ஏதாவது பண்ணுங்க" என்று அவரும் சொல்லிவைத்தார். வேறு வழியில்லாமல் வந்தான். வந்தபோது அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தான். எங்கே போனாலும் அவளைக் கூட்டிக்கொண்டு போவது ஆறு வருஷமாக அவனுக்கு வழக்கம்.

இரண்டு பேரையும் காரில் கொண்டுவந்து இறக்கிவிடுவது தம்பி பெண்டாட்டி. "முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடிச்ச ஆளு, கார்ல பின் சீட்ல உக்காந்து வர்றாரு. ஊருல யாருக்காவது இந்த யோகம் உண்டா அண்ணி?" என்று கேட்டுச் சிரிப்பாள். அக்காவும் சிரித்துவைப்பாள்.

டீச்சர் பதின்மூன்றாவது கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

"மறுபடி சொல்றேன் சார். அடிக்கிறது கை இல்ல. கால். கை கூட வருது, அவ்வளவுதான்."

இதை அவள் முதல் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். மட்டையைப் பின்னால் தூக்கும்போது உடம்பின் பாரம் வலது பாதத்தின் உள்பக்கம் இறங்க வேண்டும். முட்டி வெளியே சாயக் கூடாது. மட்டை உச்சிக்குப் போனதும், கை கீழே இறங்குவதற்கு முன்பே இடது கால் தரையை அழுத்த வேண்டும். இடுப்பு திரும்பும், இடது கால் நிமிரும், வலது குதிகால் தானாகத் தரையை விட்டுக் கிளம்பும். பந்து போன பிறகு பார்த்தால் ஆள் முழுக்க இடது காலில் நிற்க வேண்டும். வலது பாதத்தில் விரல் நுனி மட்டும் தரையில் பட்டிருக்க வேண்டும். தொப்புள் பந்து போன திசையைப் பார்க்க வேண்டும். டீச்சர் செய்து காட்டும்போது பார்க்கச் சுகமாக இருந்தது. படி ஏறுகிறவள் பின்காலை மறந்துவிட்டுப் போவதுபோல வலது காலை விட்டுவிடுவாள்.

தம்பி உச்சி வரைக்கும் ஒழுங்காகத்தான் போவான். அதற்குப் பிறகுதான் வினை. மட்டை பந்தை நெருங்கும் அந்த நொடியில் வலது பாதம் படாரென்று முழுசாகத் தரையில் இறங்கி மிதிக்கும். உடம்பு அப்படியே பின்னால் தங்கிவிடும். பந்து நாலடி உருண்டுபோய் வெட்கப்பட்டு நின்றுவிடும். அதனால்தான் டீச்சர் பாதி வீச்சுக்கு இறங்கி வந்திருந்தாள். முதலிலேயே பாரத்தை இடது காலில் கொடுத்துவிட்டு, வலது குதிகாலைத் தூக்கி, அடியில் கோப்பை. கோப்பை நசுங்காமல் சின்னதாக ஒரு அடி. சின்னப் பிள்ளைகள் இரண்டாவது முயற்சியிலேயே செய்துவிடுவார்களாம்.

பதின்மூன்றாவதும் போனது.

விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு காலை. அக்காவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஃபிரேமுக்கு ஏற்றபடி லென்ஸைத் தேய்த்து உட்கார வைப்பவள். முடி அளவு தப்பினாலும் கண்டுபிடித்துவிடுவாள். அன்றைக்கு அவள் ஏறிய பஸ்ஸைத் தற்செயலாகத் தம்பி ஓட்டிக்கொண்டிருந்தான். "என்னக்கா, இந்தப் பக்கம்?" என்று கேட்டான். அவனைப் பார்த்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரே ஊர், மூன்று மாதம். கணவன் போய்ச் சேர்ந்த பிறகு அவள் தனி வீட்டில் இருந்தாள். தம்பிக்கு ஷிப்டு, பிள்ளைகள், ஆயிரம் வேலை. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் ஒரே ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்ப்பாள்.

நாலாவது நிறுத்தம் தாண்டியதும் சந்திலிருந்து ஒரு பெண் சைக்கிளில் சடாரென்று குறுக்கே வந்தாள். தம்பி பிரேக்கை மிதித்தான். பஸ் ஒரு சாண் இடைவெளியில் நின்றது. அந்தப் பெண் பயத்தில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டதோடு தப்பித்தாள். பஸ்ஸுக்குள் நாலைந்து பேர் நெற்றியில் இடித்துக்கொண்டார்கள். அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன் சீட்டுக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

தம்பி குதித்து இறங்கி முன்னால் ஓடினான். அந்தப் பெண்ணின் பக்கத்தில் அவன் மண்டியிடுவதை அவள் பஸ்ஸின் முன்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். எழுந்து, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன் வாசலுக்குப் போனாள். படியைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். கடைசிப் படி தப்பியது. நடைபாதை விளிம்பில் பக்கவாட்டில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. அந்த நேரத்தில் எல்லாருடைய கண்ணும் சைக்கிள் பெண் மேல் இருந்தது. பிறகு யாரோ ஒருவர், "பிரேக் போட்டதுல இந்தம்மாவைத் தூக்கி எறிஞ்சிருச்சு" என்றார். ஆபரேஷன் முடிந்து அவள் கண் விழிப்பதற்குள் அதுவே உண்மையாகிவிட்டிருந்தது.

தம்பி கட்டிலின் கால்மாட்டில் நின்று அழுதான். "இந்தக் கால்தான்க்கா, இந்தக் கால்தான்" என்று தன் வலது தொடையிலேயே அடித்துக்கொண்டான். இல்லடா என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். நர்ஸ் ஊசியோடு வந்துவிட்டாள். மறுநாள் அவன் பிளாஸ்கில் சூப் கொண்டுவந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் நினைத்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் தினமும் வந்தான். குழாய் ஒழுகினால் வந்தான், மாத்திரை தீர்ந்தால் வந்தான், பல்பு போனால் வந்தான். ஒன்றுமே கெடாத நாளில் அவளே ஏதாவது ஒன்றைச் சொல்லிவைப்பாள். உண்மை தெரிந்தால் பழையபடி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆகிவிடுமே என்று ஒவ்வொரு நாளும் அதை மென்று முழுங்கினாள்.

அவள் கெட்டவள் இல்லை. தனியாக இருந்தவள். இரண்டும் ஒன்றல்ல, ஆனால் செய்து வைக்கிற காரியம் சில சமயம் ஒன்றாகத்தான் இருக்கிறது.

ஏனென்றால் தம்பி சும்மா வந்துபோவதோடு நிற்கவில்லை. விசாரணையில் அவன் மேல் தப்பே இல்லை என்றார்கள். ஒரு உயிரைக் காப்பாற்றினான் என்று கை குலுக்கினார்கள். அவன் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, இனி வண்டியைத் தொடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். மீதி ஐந்து வருஷமும் டிப்போவின் டயர் அறையில் காற்றழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் ஓட்டுவது என்றால் அவனுக்கு அவ்வளவு ஆசை.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது அவனுடைய வலது பாதம் மெல்ல மெல்லத் தரையை அழுத்தும். விடும். மறுபடி அழுத்தும். அதை அவள் ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காததுபோல டிவி சத்தத்தைக் கூட்டுவாள்.

"சார், கோவிச்சுக்காதீங்க, நீங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டாள் டீச்சர்.

"பஸ் டிரைவர்."

டீச்சர் கை தட்டிச் சிரித்தாள். "அதானே பார்த்தேன்! முன்னாடி ஒண்ணு இருந்தா உடனே பிரேக் போடுறீங்க. பந்துதான் சார் அது, ஆள் இல்ல. இடிச்சாத் தப்பில்ல."

தம்பியும் சிரித்தான். பிறகு மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னான்.

"இல்ல டீச்சர். அன்னைக்கு ஒரு நாள் கொஞ்சம் பலமா மிதிச்சிட்டேன். இன்னும் ஒரு இம்மி மெதுவா மிதிச்சிருந்தா அந்தப் பொண்ணும் தப்பிச்சிருக்கும், எங்கக்காவும் விழுந்திருக்காது. எவ்வளவு மெதுவாங்கறதைத்தான் ஆறு வருஷமா மிதிச்சு மிதிச்சுப் பார்க்கிறேன். தூக்கத்துலகூட மிதிக்கிறேனாம், வீட்டுக்காரி சொல்றா. இந்தக் காலுக்கு வேற எதுவும் வராது டீச்சர். கூடப்பிறந்தவளைக் கீழ தள்ளத்தான் வரும். விட்டுருங்க, மீதி வகுப்பு வேண்டாம்."

டீச்சருடைய முகம் சுண்டிவிட்டது. பெஞ்சையும் ஊன்றுகோலையும் பார்த்தாள். "கோப்பை தீர்ந்துபோச்சு, எடுத்துட்டு வரேன்" என்று கிளம்பினாள். கூடையில் இன்னும் ஏழெட்டுக் கோப்பைகள் இருந்தன.

இவ்வளவு நாளும் தன் தனிமைக்கு ஒரு துணை வைத்துக்கொண்டதாகத்தான் அக்கா நினைத்திருந்தாள். அவன் தூக்கத்தில் மிதிப்பது அவளுக்குத் தெரியாது. இதற்குமேல் முழுங்க முடியாது என்று தெரிந்தது. சொன்னால் போய்விடுவான் என்றும் தெரிந்தது.

"டேய்."

"என்னக்கா? வெயில் அடிக்குதா? தள்ளி உக்காரு."

"நான் பிரேக்ல விழலடா."

அவன் திரும்பினான்.

"நீ மிதிச்சப்ப நான் கம்பியைப் புடிச்சிட்டு உக்காந்திருந்தேன். எனக்கு ஒரு கீறல் இல்ல. நீ இறங்கி ஓடுனதுக்கு அப்புறம்தான் நான் எழுந்தேன். உன்னைப் பாத்துக்கிட்டே இறங்கினேன், படியை விட்டுட்டேன். நானா விழுந்தேன்டா. நின்ன பஸ்ல."

பக்கத்துப் பாயில் யாரோ அடித்த பந்து தூரத்தில் வலையில் போய் மோதியது. தம்பி மட்டையை நிதானமாகப் பைக்குள் வைத்தான். உறையை மாட்டினான். வந்து பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் இன்னும் மூன்று பேர் உட்காரலாம்.

"முதல்லேருந்தே தெரியுமா? இல்ல, இப்பதான் ஞாபகம் வந்துச்சா?"

பொய்க்கு அவனே ஒரு வாசலைத் திறந்துவைத்தான். இப்பதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"முதல்லேருந்தே தெரியும்" என்றாள் அக்கா.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வரமாட்டியேன்னு."

அவன் எதிரே இருந்த வலையைப் பார்த்தான். வலைக்கு அந்தப் பக்கம் பஸ் ஒன்று போயிற்று.

"வண்டியை விட்டேனேக்கா" என்றான்.

அவ்வளவுதான். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். அவளுக்கு "எனக்குத் தெரியும்டா" என்று மட்டும் சொல்ல முடிந்தது. "தெரிஞ்சுமா சொல்லல?" என்று அவன் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை. தம்பி பெண்டாட்டி கார் கொண்டுவந்தபோது முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக ஏறினார்கள். "என்ன, பந்து யார் மண்டையிலயாவது பட்டுருச்சா? இப்படி உம்முன்னு வர்றீங்க" என்று அவள் கேட்டாள்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. போனும் இல்லை. மூன்றாம் நாள் தம்பி பெண்டாட்டிதான் மாத்திரை கொடுக்க வந்தாள். வாசலிலேயே நின்றாள். "எல்லாம் சொன்னாரு அண்ணி" என்றாள். வழக்கமான கேலி இல்லை. "நானும் ஆறு வருஷமா அந்த மிதியைப் பக்கத்துல படுத்துக்கிட்டு வாங்கியிருக்கேன். எனக்குக் கொஞ்ச நாளைக்கு உங்ககிட்ட பேச வராது. தப்பா நினைக்காதீங்க." தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? அக்கா மாத்திரையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

எட்டு நாள் ஆனது. வகுப்பு நாள் வந்தது. அவன் போயிருக்க மாட்டான், சீட்டைக் கிழித்துப் போட்டிருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. அதைப் போய்த் தெரிந்துகொள்ளாமல் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை நடந்து, ஆறு வருஷத்தில் முதல் தடவையாகப் பஸ் ஏறினாள். இறங்கும்போது ஒவ்வொரு படியையும் குனிந்து பார்த்துக் காலை வைத்தாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று இருந்தது.

தம்பி வந்திருந்தான். அதே பாய். டீச்சர் ஒரு பக்கமாகக் கை கட்டி நின்றிருந்தாள். கோப்பை எதுவும் இல்லை. அக்கா கொட்டகைத் தூணுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டாள்.

அவன் மட்டையைத் தூக்கினான். பாரம் வலது பக்கம் இறங்கியது. உச்சியில் ஒரு கணம் நின்றான். பிறகு இடது கால் தரையை அழுத்த, இடுப்பு திரும்ப, வலது குதிகால் தயங்கித் தயங்கி, கடன் கேட்கப் போகிறவன் மாதிரி, தரையை விட்டு எழுந்தது. பந்து கோணலாகப் பறந்து பக்கவாட்டில் இருந்த வலையில் போய் விழுந்தது.

"கோணல்!" என்றான் தம்பி.

"பந்து கிடக்கட்டும் சார்! கீழே பாருங்க, காலைப் பாருங்க!" என்று டீச்சர் குதித்தாள்.

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். விரல் நுனியில் நின்றிருந்த வலது பாதத்தை, வேறு யாருடையதோ என்பதுபோல, அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். அக்காவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. இந்தக் காலை விடுவித்தால் இந்த ஆளையும் விட வேண்டும் என்று அன்றைக்கே தெரியும்தான். தெரிந்து செய்ததுதான். ஆனாலும் நேரில் பார்ப்பது வேறு.

திரும்பிப் போய்விடலாம் என்று நகர்ந்தபோது ஊன்றுகோல் தூணில் இடித்தது. தம்பி பார்த்துவிட்டான். கிட்டே வந்தான்.

"எப்படி வந்தே?"

"பஸ்ல."

"நின்னுக்கிட்டா?"

"உக்காந்துதான்."

"இறங்கறப்ப?"

"படியைப் பாத்துத்தான் இறங்கினேன்."

அவன் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது, வரவிடாமல் தடுத்துக்கொண்டான். "எனக்கு இன்னும் கோவம் போகல" என்றான்.

"போக வேண்டாம்டா."

"இனிமே தினமும் வரமாட்டேன்."

"சரி."

"குழாய் ஒழுகுது, பல்பு போச்சுன்னு சொல்லாதே. பிளம்பர் நம்பர் எழுதி அனுப்பறேன். கூப்பிட்டுக்கோ."

"சரிடா."

அவள் மறுப்பாள் என்று எதிர்பார்த்திருப்பான் போல. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி பாய்க்குப் போய்விட்டான். பெஞ்சில் உட்காரச் சொல்லவில்லை. அவளும் உட்காரவில்லை.

சொன்னபடி பிளம்பர் நம்பர் வந்தது. அதோடு எலக்ட்ரீஷியன் நம்பர், மருந்துக் கடை நம்பர், டாக்சி நம்பர். தம்பி இல்லாமல் ஒரு வீடு நடப்பதற்கு வேண்டிய எல்லா நம்பரும் வந்தன. அவள் அவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். தானே மருந்துக் கடைக்குப் போய்வந்தாள். இரண்டு நாள் பழைய கண்ணாடிக் கடைக்குப் போய், அங்கே இருந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஆறு மணிக்கு மட்டும் காது தானாக வாசல் பக்கம் போகும். இது எனக்கு வேண்டியதுதான் என்று தன்னைத் தானே அதட்டுவாள். சில நாள் அந்த அதட்டல் பலிக்கும், பல நாள் பலிக்காது. இப்படியே ஒரு மாதம் போயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி இருக்கும். யாரும் வருகிற நேரமே இல்லை. அழைப்பு மணி அடித்தது. பால் கணக்காக இருக்கும் என்று போய்த் திறந்தாள். தம்பி நின்றிருந்தான். இரண்டு கையும் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தன.

அவளுக்குத் திக்கென்றது. "என்னடா? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல."

"அப்புறம்?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா வந்தேன்."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். அழுகை வந்தது. சத்தமாகவே வந்தது, மாடியில் யாரோ ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

"சரிதான்" என்றான் தம்பி. "சும்மா வந்தவனை வாசல்லயே நிக்க வெச்சு அழுவியா? தள்ளுக்கா."